வளவுக்குள்ளை நிண்ட பிறிட்ஜ்

போன வெள்ளிக்கிழமை காலமை எங்கடை பிறிட்ஜ் குசினியை விட்டு வெளிக்கிட்டு வளவுக்குள்ளை மாமரத்துக்குக் கீழை நிண்டது. கதவு ஆவெண்டு திறந்தபடி. உள்ளுக்கை இருந்த தட்டெல்லாம் மதிலிலை சாத்தி வெயிலுக்குக் காயுது. பக்கத்திலை என்ரை மனுசன் ஜூட், சறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, ஒரு வாளி மஞ்சள் தண்ணியும் பாதித் தேசிக்காயுமா நிண்டு தேய் தேய் எண்டு தேய்க்கிறார்.

ரோட்டாலை போன ஒராள் சயிக்கிளை நிப்பாட்டி, என்ன விலைக்குக் குடுக்கிறியள் எண்டு கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா மதிலாலை எட்டிப் பாத்து, கனடா சரிவந்திட்டுதோ எண்டா. எங்கடை இடத்திலை வீட்டுச் சாமான் வெளியிலை வந்தால் அர்த்தம் ரெண்டுதான். ஒண்டு வாடகை வீடு மாறுறது. மற்றது விசா.

எங்கடை விசயம் மூண்டாவது. என்ரை அப்பா சாப்பிட வாறார்.

அதுக்கு ஏன் பிறிட்ஜைக் குளிப்பாட்ட வேணும் எண்டு கேக்கிறியள் என்ன? வாறன்... முதல் சந்தைக்குப் போட்டு வருவம்.

நான் எழுதிற இந்தப் பக்கத்துக்குப் புதுசா வாசிக்க வந்த ஆக்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் சண்டிலிப்பாய். அப்பா தோட்டக்காரன் — கத்தரி, மிளகாய், வெங்காயம், காலம் பாத்துப் புகையிலை. செவ்வாய் வெள்ளியிலை எங்கடை வீட்டிலை மச்சம் எண்ட கதைக்கே இடமில்லை. மீன், முட்டை ஒண்டும் படலை தாண்டாது. ஜூட் கொழும்புத்துறை. அவரின்ரை அப்பா கடலுக்குப் போறவர். கம்பஸிலை நாங்கள் ஒரே பட்ச். பேந்து என்ன, கலியாணம்.

அப்பா கலியாண எழுத்துக்கு வந்தவர். கையெழுத்து வைச்சவர். ஒரு சோடா கூடக் குடியாமல் போட்டார். ஊர் என்னென்ன கதைச்சது எண்டு நான் எழுதத் தேவையில்லை. நீங்களும் அதே ஊர்தானே... உங்களிலை கொஞ்சப் பேர் கதைச்சும் இருப்பியள். பரவாயில்லை, வாசிக்கிறதை விடாதேங்கோ.

கோவமோ எண்டால், இல்லை. ஃபோனிலை வடிவாக் கதைப்பார். அம்மா வருவா, சாப்பிடுவா, மிச்சத்தைக் கட்டிக்கொண்டும் போவா. அப்பா மட்டும் கேற்றடிக்கு வருவார், மோட்டச்சைக்கிளாலை இறங்காமலே கதைச்சிட்டுப் போவார். ஒரு வருசத்துக்கு மேலை என்ரை வீட்டிலை அந்தாள் வாய் நனைக்கேல்லை. நான் வெளியிலை கெத்தாத்தான் திரிஞ்சன். ஆனா ஒரு கறி சரிவந்தால் முதல் நினைப்பு என்ன தெரியுமோ? அப்பா இதைச் சாப்பிட்டால் என்ன சொல்லியிருப்பார்?

சரி, இப்ப சந்தை.

நாங்கள் இருக்கிறது மருதனார்மடத்துக்குக் கிட்ட, வாடகை வீடு. ரெண்டு சம்பளம். வாடகை, மோட்டச்சைக்கிள் லீசிங், காஸ், கறண்ட் எல்லாம் கழிச்சால் மிச்சத்திலைதான் வாய்க்கும் வயித்துக்கும். ஜூட் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போற ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆளின்ரை உண்மையான சமயம் அண்டண்டு சந்தைக்குப் போறது. விடியவே பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவார். நாலு வெண்டிக்காய் வாங்கப் போன மனுசன் வர ஒரு மணித்தியாலம் ஆகும். கடற்கரையிலை பிறந்தவைக்கு நேற்றையான் மீன் மீனே இல்லையாம். நேற்றையான் கீரையும் கீரை இல்லையாம்.

நான் கொமர்ஸ் படிச்சவள். எனக்கு இது பத்தி எரியும். ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போனால் ஒவ்வொரு நாளும் பேர்ஸ் திறபடும். திறபட்ட பேர்ஸ் சும்மா மூடுமே? தேங்காய் வாங்கப் போனவர் வீடு கூட்டிற தும்புத்தடியோடை வருவார். ஒருநாள் ஒரு நீல வாளி. ஏன் எண்டு கேட்டால் மலிவாக் கிடந்ததாம். மாசக் கடைசியிலை காசு எங்கை எண்டு கேட்டால் ஒரே பதில், சாமான் விலை ஏறிப் போச்சு. இந்த நாட்டிலை அந்தப் பதிலோடை ஆர் சண்டை பிடிக்கலாம் சொல்லுங்கோ?

அதாலை நான் சட்டம் போட்டன். இனி சந்தை கிழமைக்கு ஒருக்கா. சனிக்கிழமை மட்டும், வெயில் ஏறினாப் பிறகு ரெண்டு பேருமாப் போறது. மரக்கறி, மீன், தேங்காய் எல்லாம் ஒரே அடியா.

ஜூட் பெரிசா எதிர்க்கேல்லை. கிழமை முழுக்கப் பழசோ தின்னிறது எண்டு ஒருக்கா முனகினார். பிறிட்ஜ் என்ன படம் கொழுவி வைக்கவோ வாங்கினது எண்டு நான் கேட்டன். கதை முடிஞ்சுது.

சனிக்கிழமை பின்னேரங்களிலை எங்கடை குசினியை நீங்கள் பாத்திருக்க வேணும். விளைமீன் வெட்டி, கழுவி, பெட்டி பெட்டியா மேலை. கீழை மரக்கறி. கதவிலை துருவின தேங்காய்ப்பூ, உரிச்ச உள்ளி, கரைச்ச புளி. பாக்க அந்தமாதிரி வடிவு. மாசக் கடைசியிலை உண்மையாவே காசு மிஞ்சினது. நான் ஜூட்டின்ரை முகத்துக்கு முன்னாலை பேர்ஸைத் திறந்து காட்டி, நிதி அமைச்சர் மாதிரி ஒரு சிரிப்பும் சிரிச்சன்.

நேர்மையாவும் சொல்ல வேணும். புதன்கிழமையோடை கீரை கறுத்து வழுவழுத்துப் போகும். வியாழன் கத்தரிக்காய் கிழவன்ரை கன்னம் மாதிரி. 'கிழமைக்குத்தானே' எண்டு ரெண்டு மடங்கு வாங்கி, வெள்ளியிலை அதிலை பாதியைத் தோலும் தும்புமா எறிஞ்சதும் உண்டு. ஆனா ஜூட் ஒரு சொல்லுச் சொல்லாமல் சாப்பிட்டார். காலமையிலை மட்டும் ஆளுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. முத்தத்திலை ரெண்டு சுத்துச் சுத்துவார். செருப்பைப் போடுவார். கழட்டுவார். சும்மா கிடந்து நித்திரை கொள்ளன் மனுசா, எனக்கு நன்றி சொல்லு எண்டு நினைச்சன்.

இப்பிடியே போய்க்கொண்டிருக்கேக்கை போன கிழமை முதல்லை அப்பாவின்ரை ஃபோன் வந்தது. நான் வேலையிலை நிண்டனான். அப்பா வேலை நேரத்திலை எடுக்கிறவர் இல்லை, நான் பயந்தே போனன்.

"பிள்ளை, அந்தத் தம்பிக்குச் சுகமில்லையோ?"

எந்தத் தம்பி? எனக்கு விளங்கேல்லை. அப்பா ஜூட்டின்ரை பேரை ஒருநாளும் வாயாலை சொன்னதில்லை. ஆரைக் கேக்கிறியள் எண்டன்.

"இல்லை... சந்தைப் பக்கம் காணேல்லை. சும்மா கேட்டனான்."

வைச்சிட்டார்.

அண்டைக்குப் பின்னேரம் ஜூட் வீட்டை வந்து ஹெல்மெற்றைக் கழட்ட முதலே நான் பிடிச்சன். ஆள் முதல்லை ஒண்டுமில்லை எண்டார். பேந்து கதிரையிலை இருந்து, கேள்விக்கு ஒரு வசனமாக் கக்கினார்.

விசயம் இதுதான். அப்பா தோட்டத்து மரக்கறியை விடியவே மருதனார்மடத்துக்குக் கொண்டுவாறவர். அது எனக்குத் தெரியும். ஜூட்டும் அந்த நேரம் அங்கைதான் நிக்கிறவர். அது ரெண்டும் ஒண்டுக்கொண்டு முட்டும் எண்டு என்ரை கொமர்ஸ் மூளைக்கு எட்டேல்லை. முதல்லை கொஞ்ச நாள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காணாத மாதிரித்தானாம். அப்பா தராசைப் பாப்பாராம், இவர் தேங்காயைப் பாப்பாராம். ஒருநாள் ஜூட் ஒரு குவியலிலை கத்தரிக்காய் தெரிஞ்சுகொண்டு நிக்க, பின்னாலை ஒரு குரல் கேட்டதாம்.

"உந்தக் காயை எடாதையும். உள்ளுக்கை புழு."

கலியாணத்துக்குப் பிறகு அப்பா தன்ரை மருமேனோடை கதைச்ச முதல் வசனம் அது. வாழ்த்தாம்.

அடுத்த நாள் அப்பாவே தெரிஞ்சு குடுத்தவராம். அதுக்கு அடுத்த நாள் சந்திக் கடையிலை ரெண்டு தேத்தண்ணி. பேந்து வடையும் சேந்தது. ஒவ்வொரு நாளும். ஒருநாள் அவர் காசு குடுப்பார், ஒருநாள் இவர். என்ன கதைச்சனியள் எண்டு கேட்டன். உரம், டீசல் விலை, கடலிலை காத்து எப்பிடி, மழை எப்ப வரும். என்னைப் பற்றி? ஒரு சொல் இல்லையாம். எனக்குக் கொஞ்சம் கொதி வந்தது உண்மை.

"இவ்வளவு நாளும் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் சும்மா இருப்பீரே? அடுத்த நாளே சந்தைக்கு வந்து எங்களை நிப்பாட்டிப் படமெடுத்து ஸ்ரேற்றஸ் போட்டிருப்பீர். அந்தாள் பேந்து சந்தையையே மாத்தியிருக்கும்."

போட்டிருப்பன்தான்.

மாசம் மாசம் ஒழுகின காசு எங்கையெண்டு இப்ப விளங்கினது. தும்புத்தடியும் வாளியும் சும்மா சாட்டு. உண்மையான ஒழுக்கு ரெண்டு தேத்தண்ணியும் வடையும். நான் கெட்டித்தனமா அடைச்சது அந்த ஓட்டையைத்தான். அப்பாவும் என்ரை மனுசனும் ஒரு வாங்கிலை இருந்து வாய் நனைச்ச ஒரே இடம் அது... அதைச் சனிக்கிழமைக்கு மாத்தினால் அப்பா எங்கை வருவார்?

அடுத்த நாள் விடிய நானே பையை எடுத்து ஜூட்டின்ரை கையிலை குடுத்தன்.

வந்து சொன்னார். அப்பா முதல் கேட்டது காச்சலோ எண்டு. இல்லை மாமா, உங்கடை மகள் கிழமைக்கு ஒருக்காத்தான் சந்தைக்கு விடுறா எண்டு இவர் உள்ளதைச் சொல்லிப்போட்டார். அப்பா சிரிச்சவராம். தாயைப் போலை எண்டு மட்டும் சொன்னவராம். பேந்து தேத்தண்ணியை ஆத்திக்கொண்டு, அப்ப கிழமைக் கடைசியிலை அங்கை என்னத்தைத்தான் சமைக்கிறியள் எண்டு கேட்டிருக்கிறார்.

அந்த இடத்திலை என்ரை மனுசன் ஒரு வேலை பாத்திருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பாருங்கோவன் மாமா, மரக்கறிதான் எண்டிருக்கிறார்.

அப்பா சொன்னவராம்: "பாப்பம்."

மற்ற ஆக்களின்ரை வாயிலை 'பாப்பம்' எண்டால் வரமாட்டன் எண்டு அர்த்தம். என்ரை அப்பா வரமாட்டன் எண்டால் வரமாட்டன் எண்டே சொல்லுவார். அதாலை இது பெரிய விசயம். நானும் ஜூட்டும் வெள்ளிக்கு லீவு போட்டம்.

உடனை அம்மாவுக்கு ஃபோன் அடிச்சன். அம்மாவுக்குச் சந்தோசம், ஆனா குரல் சரியில்லை. கொஞ்சம் இழுத்துப்போட்டு மெல்லமாக் கேட்டா, உங்கடை பிறிட்ஜுக்கை மச்சம் வைக்கிறனியள்தானே எண்டு.

இது எங்கடை பக்கத்து ஆக்களுக்கு உடனை விளங்கும், மற்றவைக்குச் சொல்லுறன். சண்டிலிப்பாய் வீட்டிலையும் பிறிட்ஜ் இருக்கு. ஆனா அதுக்குள்ளை மீன் ஒருநாளும் போகாது. தயிர், பால், மரக்கறி, கோயில் பிரசாதம் இருக்கிற இடம் அது. மீன் அண்டண்டு வாங்கி அண்டண்டே முடியும். அப்பிடி வீடுகளிலை கிழமைக்கு ஒருக்கா மீன் வாங்கிறது எண்ட கதையே எடுபடாது. அந்தாள் உங்கடை பிறிட்ஜிலை வைச்ச தயிரைக்கூடத் தொடாது, பாத்துக்கொள் எண்டா அம்மா.

அப்ப என்ரை கிழமைச் சந்தை முழுக்கத் தீட்டு. தேங்காய்ப்பூ தீட்டு. உள்ளி தீட்டு. புளி தீட்டு. எல்லாத்துக்கும் மேலாலை விளைமீன்.

மீனை என்ன செய்யிறது? எறிய மனம் வரேல்லை. வியாழன் பின்னேரம் ஜூட் பெட்டியளைக் கட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்குத் தாய் வீட்டை போனார். நானும் பின்னாலை இருந்து போனன். மாமி முத்தத்திலை நிண்டவ. ஐஸாக் கிடந்த பெட்டியை வாங்கித் திறந்து பாத்தா. எங்களைப் பாத்தா.

"மீன்காரன்ரை வீட்டுக்கு மீன் கொண்டு வந்த முதல் ஆள் நீதான் ராசா. இது எப்ப செத்தது?"

சனிக்கிழமை எண்டன், மெதுவா.

"அப்ப எட்டுச் செலவும் கிட்டுது. நீங்கள் நிண்டு முடிச்சிட்டே போங்கோவன்."

ஜூட்டின்ரை அப்பா உள்ளுக்கை இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டுச் செலவு செத்தவைக்குச் செய்யிற காரியம் எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஏன் கொண்டு வந்தனாங்கள் எண்டு கேட்டு அறிஞ்ச உடனை மாமி பகிடியை விட்டிட்டா. பெட்டியை வைச்சிட்டு, தேசிக்காய் போட்டுத் தேய்ச்சால்தான் மணம் போகும் பிள்ளை எண்டா. ஐஞ்சு தேசிக்காயும் புடுங்கித் தந்தா.

வெள்ளி விடிய நான் தலை முழுகிப்போட்டு முதல் முதலா வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனன். ஐயோ. வலிகாமம் முழுக்க அண்டைக்குச் சைவம், அதாலை மரக்கறிக்கு வைச்ச விலையைப் பாக்க வேணும். சனிக்கிழமை சீண்டுவார் இல்லாமல் கிடக்கிற வாழைக்காய் மாப்பிள்ளை மாதிரி நிக்குது. மீன் பக்கம் ஈ ஓட்டுது, விலையும் விழுந்து கிடக்கு. இதைத்தான் ஜூட் அண்டண்டு பாத்து, வெள்ளியிலை மீனும் மற்ற நாளிலை மரக்கறியும் எண்டு வாங்கினவர் போலை. நான் பேரம் பேசேல்லை. பேசிற நிலையிலை இல்லை.

இனித்தான் மாமரத்துக்குக் கீழை பிறிட்ஜ்.

மத்தியானம் எண்டவர் பத்தரைக்கே வந்திட்டார். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போட்டு நேரை வந்தவர், நெத்தியிலை சந்தனம். மோட்டச்சைக்கிளாலை இறங்கினார். இறங்கினார் எண்டதை நான் குசினி யன்னலாலை பாத்தன், கையிலை இருந்த அகப்பை அப்பிடியே நிண்டது. ஜூட் கையெல்லாம் மஞ்சள், சறம் முழங்காலுக்கு மேலை, வாயிலை தேசிக்காய் விதை.

என்ன தம்பி, பழுதாப் போச்சோ எண்டு அப்பா கேட்டார்.

நான் யன்னலாலை தலையை ஆட்டினன். ஓம் பழுது எண்டு சொல்லு மனுசா. நாங்கள் அப்பிடித்தான் பேசி வைச்சனாங்கள். ஜூட் என்னைப் பாத்தார், அப்பாவைப் பாத்தார்.

"இல்லை மாமா. மீன் வைக்கிறனாங்கள். நீங்கள் சாப்பிட வாறியள் எண்டு கழுவினது."

அப்பா குனிஞ்சு வாளியைப் பாத்தார். பிறிட்ஜைப் பாத்துக்கொண்டு நிண்டார். பருப்பு அடிப்பிடிச்ச மணம் வந்தது, நான் அசையேல்லை. கேற் திறந்துதான் கிடக்கு, மோட்டச்சைக்கிள் திறப்பும் கையிலைதான் இருக்கு...

அந்தத் திறப்பைப் பொக்கெற்றுக்கை போட்டார். சால்வையை எடுத்து மாங்கொப்பிலை கொழுவினார்.

"வெயில் இஞ்சாலை திரும்புது, பட்டால் கதவு ரப்பர் வெடிக்கும். ஒரு பக்கம் பிடியும்."

ரெண்டு பேருமாத் தூக்கிக்கொண்டு வந்தினம். குசினி வாசலிலை முட்டினது, சரிச்சினம், திருப்பிச்சினம், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எண்டு ஒருத்தரை ஒருத்தர் ஏவிச்சினம். அப்பிடியே அப்பா என்ரை வீட்டுக்குள்ளை வந்திட்டார். வா எண்டு கூப்பிடக்கூட நான் மறந்திட்டன்.

சாப்பாடு? வாழையிலை போட்டன். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், அடிப்பிடிச்ச பருப்பு, ரசம், அப்பளம். அப்பா இருந்தார். பிசைஞ்சார். முதல் கவளம் வாய்க்குப் போச்சு.

"கத்தரிக்காய் ஆர் தெரிஞ்சது?"

நான்தான் அப்பா எண்டன், பெருமையா.

"ம்... தம்பியை விட்டிருக்கலாம்."

சொல்லிப்போட்டு அதே கறியை ரெண்டாந்தரமும் வாங்கினார். பருப்பையும் வாங்கினார். நான் ரசம் எடுக்கிற மாதிரிக் குசினிக்கை போய்க் கொஞ்ச நேரம் நிண்டிட்டு வந்தன். ரசம் ஏற்கெனவே மேசையிலைதான் இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு அப்பா விசிறிக்குக் கீழை இருந்தார். சரியான வெக்கை. குளிர் தண்ணி இல்லையோ எண்டு கேட்டார், இவ்வளவு பெரிய பிறிட்ஜ் வைச்சிருக்கிறியள் எண்டும் சொன்னார்.

பிறிட்ஜ் காயட்டும் எண்டு பிளக்கைக் கழட்டி வைச்சிருக்கு. உள்ளுக்கை ஒரு சொட்டுக் குளிர் இல்லை. நான் உளறிப்போட்டன், மச்சம் வைச்ச பிறிட்ஜிலை வைச்ச ஒண்டும் நீங்கள் தொடமாட்டியள் எண்டு அம்மா சொன்னவ எண்டு.

"அது கொம்மாவின்ரை சட்டம்" எண்டார் அப்பா. "நான் அந்த வீட்டிலை இருக்கிறன், அவ்வளவுதான்."

அப்ப இந்த ஒரு வருசம்? கேக்க வாய் உன்னினது. மேசைக்குக் கீழாலை ஜூட்டின்ரை கால் என்ரை காலிலை மெல்லத் தட்டினது. நான் கேக்கேல்லை. எல்லாத்தையும் ஒரே நாளிலை வாங்கி முடிக்கத் தேவையில்லைத்தானே. ஜூட் ஓடிப்போய்க் கடையிலை ஐஸ் தண்ணிப் போத்தில் ஒண்டு வாங்கி வந்தார். அப்பா போத்திலை அண்ணாந்து முழுக்கக் குடிச்சார்.

இப்ப எங்கடை வீட்டுச் சட்டம் மாறிப் போச்சு. அரிசி, பருப்பு, மா, சவர்க்காரம் கிழமைக்கு ஒருக்கா, என்ரை பொறுப்பு. மீனும் மரக்கறியும் அண்டண்டு, ஜூட்டின்ரை பொறுப்பு. மாசக் கடைசியிலை மிஞ்சுமோ தெரியாது. புதன்கிழமைக் கீரை மட்டும் நல்லா இருக்கும்.

இந்தத் திங்கள் காலமை ஆள் பையைத் தூக்கினார். வெள்ளிக்கு வாங்கின மரக்கறியே மிச்சம் கிடக்கு, என்னத்தை வாங்கப் போறீர் எண்டு கேட்டன். ஒண்டுமில்லையாம். பேந்தேன் பை?

"பை இல்லாமல் போனால் அந்தாளைப் பாக்கத்தான் வந்தனான் எண்டு தெரிஞ்சிடுமெல்லே."

விட்டன். வடைக்குக் காசும் குடுத்து.